பல்லுக் கத்தி

என் தம்பி சேகரும் அப்பாவும் கடைசியாகச் சண்டை போட்டது, பையில் வைத்துக்கொள்ளும் மடக்குக் கத்திக்குப் பல் இருக்கலாமா கூடாதா என்பதற்காக. சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் சண்டையெல்லாம் இப்படி உப்புப் பெறாத விஷயத்துக்குத்தான் வரும். பெரிய விஷயங்களுக்கு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சேகர் எங்களைக் கேட்காமல் பட்டாளத்தில் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தி விஷயத்தில் மட்டும் அவன் லீவு முடிகிறவரை பேசினார்.

அப்பா கலியமூர்த்தி மாயவரத்துக்காரர். மத்திய சர்க்காரில் குமாஸ்தாவாகச் சேர்ந்து டில்லிக்கு வந்தவர், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இரண்டு அறையும் ஒரு முற்றமும் கிடைத்ததும் அதுவே சொர்க்கம் என்று இருந்துவிட்டார். அவருடைய பேன்ட் பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். மரப்பிடி, விரல் நீளத்துக்கு வழவழவென்று ஒரே அலகு. ஃபைல் கட்டின நூலை அறுப்பது, பென்சில் சீவுவது, பார்சல் பிரிப்பது எல்லாம் அதில்தான். குளிர்காலத்தில் மத்தியானம் ஆபீஸ் புல்வெளியில் வெயில் காய்கிற கூட்டத்துக்குக் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுப்பதும் அதில்தான். ஆப்பிள் தோலை அறுந்துபோகாமல் ஒரே நாடாவாகச் சீவி எடுப்பார். பஞ்சாபிக்காரர்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்ப்பார்களாம். அவர் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்தில் உட்கார்ந்து, கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, அவசரமே இல்லாமல் தீட்டுவார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் சேகர் லீவில் வந்தான். ராணுவத்தில் சரக்கு லாரிப் பிரிவில், சிக்கிம் மலைப் பக்கம் இருந்தான். வந்த மறுநாளே பாலிகா பஜாருக்குப் போய், ஃபாரின் சாமான் விற்கிற கடையில் ஒரு மடக்குக் கத்தி வாங்கி வந்தான். ஜப்பான் என்றான். கறுப்புப் பிடி. அலகு முழுக்கச் சின்னச் சின்னதாகப் பல்.

அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலை வாய் மாதிரி இருக்கிறது, இதைப் பையில் போட்டால் பேன்ட் கிழியும் என்றார். அம்மா எட்டிப் பார்த்து, என்னடா இது, இதுக்குப் பல்லெல்லாம் இருக்கு என்றாள். சேகர் விட்டானா. "யம்மா, சாணைக்காரன் வந்தா நீ வாயத் தொறக்காத. தாந்த் நிகாலோன்னு சொல்லிடப் போற" என்றான். நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இந்தக் கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. அம்மா சாந்தகுமாரிக்கு இந்தி வராது. வராது என்றால், நிகாலோ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு டில்லியில் குடித்தனம் நடத்தினாள். வெளியே எடு என்று அதற்கு அர்த்தம். காய்கறிக்காரனிடம் நல்லதாகப் பொறுக்கி எடு என்பதற்கும் நிகாலோ, பால்காரனிடம் பாலை ஊற்று என்பதற்கும் நிகாலோ, வாசலில் படுத்திருக்கும் மாட்டை ஓட்டு என்பதற்கும் நிகாலோ. சேகருக்கு ஏழு வயது இருக்கும்போது அவனுக்குப் பல் கோணலாக முளைத்தது. அப்பா ஆபீஸில் இருந்தார். கடைத்தெருவில் போர்டு மாட்டியிருந்த ஒரு பல் டாக்டரிடம் அம்மா அவனை இழுத்துக்கொண்டு போனாள். பல் வெளியே வருகிறது, பாருங்கள் என்று சொல்ல நினைத்து, அவன் வாயைக் காட்டி, "தாந்த் நிகாலோ" என்றிருக்கிறாள். தாந்த் என்றால் பல். பல்லைப் பிடுங்கு என்கிறாள் இந்த அம்மா என்று டாக்டர் பிடுங்கிவிட்டார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் மாலை மாலையாக நீர் வழிய அவன் வீட்டுக்கு வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மாவும் கூடவே அழுதுகொண்டு வந்தாள். நல்லவேளை, அவர் பிடுங்கினது பக்கத்திலிருந்த பால்பல். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யார் எதைத் தப்பாகப் புரிந்துகொண்டாலும் தாந்த் நிகாலோதான்.

சரி, கத்திக்கு வருகிறேன். அப்பாவும் சேகரும் போட்டியே வைத்தார்கள். கொய்யாவில் அப்பா ஜெயித்தார். அவர் நறுக்கின துண்டு கண்ணாடி மாதிரி இருந்தது, அவன் நறுக்கினது நார் நாராக வந்தது. ரொட்டியில் அவன் ஜெயித்தான். அப்பாவின் கத்தி ரொட்டியை நசுக்கிவிட்டது. தக்காளியிலும் அவன்தான். ஆப்பிள் தோலைப் பல்லுக் கத்தியால் சீவவே முடியவில்லை. கடைசியில் அவன் தன் படுக்கை மூட்டையின் நைலான் கயிற்றை எடுத்து, "தேக்கோப்பா, இதப் பாருங்க" என்று ஒரே இழுப்பில் அறுத்தான். அப்பா கத்தி அதே கயிற்றில் வழுக்கிக்கொண்டு போனது. அறுத்தது, அறுக்காமல் இல்லை. ஆனால் நேரம் எடுத்தது.

அப்பாவுக்குத் தோற்கப் பிடிக்காது. மழுங்கிப்போனால் என்ன செய்வாய் என்று ஆரம்பித்தார். என்னுடையதற்கு ஆற்றங்கரைக் கல் போதும், உன்னுடையதில் ஒவ்வொரு பல்லாக யார் உட்கார்ந்து தீட்டுவது, நீ இருக்கிற மலையில் அதற்கு ஆள் இருக்கிறானா என்று கேட்டார். சேகர் அது சீக்கிரம் மழுங்காது என்றான். எல்லாம் ஒரு நாள் மழுங்கும் என்றார் அப்பா. "தெனம் நமக்கு என்ன வேல, கயிறு அறுக்கறதா? பழம் நறுக்கறதுதானடா?" என்று கேட்டார்.

கிளம்புகிற அன்று காலையில் சேகர் விட்டுக்கொடுத்தான். அப்பாவுக்கு ஜெயித்தால் முகம் குழந்தை மாதிரி ஆகிவிடும். அதைப் பார்க்கத்தான் விட்டுக்கொடுத்தான் என்று நான் நினைக்கிறேன். தன் கத்தியை ரொட்டி நறுக்க வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி, அப்பாவின் கத்தியைக் கேட்டான். அப்பா அதைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். இரும்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று அம்மா நடுவில் வந்து தடுத்தாள். அவர் மேஜைமேல் வைத்தார், இவன் எடுத்துக்கொண்டான். இவன் வைத்தான், அவர் எடுத்துக்கொண்டார். சாஸ்திரம் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

ஜூலையில் தந்தி வந்தது. சிக்கிம் பக்கம் மழையில் மலைப்பாதை சரிந்து, அவன் போன லாரி ஆற்றில் விழுந்துவிட்டது.

அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. ஆபீஸில் டைப்ரைட்டர்முன் உட்கார்ந்திருந்தவளை வந்து அழைத்துப்போனார்கள். வீட்டு வாசலில் செருப்புகளாகக் கிடந்தன. அவ்வளவு செருப்புகளை எங்கள் வாசலில் நான் பார்த்ததே இல்லை. எனக்கு எல்லார்மேலும் ஆத்திரமாக வந்தது. என்னைவிடச் சின்னவன். அவனுக்கு நான் அழ வேண்டியிருக்கிறதே என்று இருந்தது.

செப்டம்பரில் லட்சுமணன் என்று ஒருவன் அவன் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தான். அதே லாரியில் இருந்தவன், தப்பிப் பிழைத்தவன். திருநெல்வேலிப் பக்கம். காபியைத் தொடாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். பெட்டியில் போடாமல் தனியாகக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த அப்பாவின் கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தான். அதன் வளையத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. சேகர் அதை இடுப்புப் பட்டையில் கோத்துத்தான் வைத்திருப்பானாம்.

அப்பா அதைத் தொடவில்லை. அவனை ஆற்றிலிருந்து எடுத்தபோது இது மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பையன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு இன்றைக்கும் அவன்மேல் அந்தக் கோபம் உண்டு. "தொறந்துதான் ஐயா இருந்துச்சு" என்றான். "தார்ப்பாய்க் கயிறு கால்ல சுத்திக்கிட்டு. நாங்க வெளிய வந்துட்டோம். அவன் அறுத்துக்கிட்டேதான் இருந்தான்."

நல்லவன், உண்மையைச் சொன்னான், போய்விட்டான். அப்பாவுக்கு அதோடு வாழ வேண்டியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வரும்போது அப்பா கையில் ஒரு கட்டு நைலான் கயிறு இருந்தது. முற்றத்தில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து அதை ஊறப் போட்டார். ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி, முதலில் தன் பழைய கத்தியால் அறுத்தார். பிறகு பல்லுக் கத்தியால். எத்தனை இழுப்பு என்று வாய்க்குள் எண்ணினார். பழைய கத்தி ஈரக் கயிற்றில் வழுக்கிற்று. பல்லுக் கத்தி கவ்விப் பிடித்து அறுத்தது. இரண்டையும் துடைத்து மடக்கி வைத்துவிட்டு வந்து, தட்டில் போட்டதைச் சாப்பிட்டும் சாப்பிடாமலும் எழுந்தார்.

அதற்கப்புறம் தினமும் அதுதான். பழைய கத்தியைக் கல்லில் தீட்டி, முடியை அறுக்கிற கூர்மைக்குக் கொண்டுவந்து பார்த்தார். அப்போதும் பல்லுக் கத்திதான் முந்தியது. முற்றம் முழுக்கத் துண்டுக் கயிறு. அம்மா காலையில் அதைப் பெருக்குவாள். தீபாவளி வந்து போயிற்று. அக்கம்பக்கத்தில் எல்லாம் விளக்கு. எங்கள் முற்றத்தில் வாளியும் கயிறும்.

ஆபீஸ் புல்வெளிக்கு அவர் போவதை நிறுத்திவிட்டார் என்று அவர் சிநேகிதர் ராமமூர்த்தி வந்து சொன்னார். கொய்யாவை யாராவது நீட்டினால் எழுந்து போய்விடுகிறாராம். சேகர் பெயரை வீட்டில் அவர் சொல்லவே இல்லை. நாங்களும் சொல்லாமல் இருக்கப் பழகினோம். அது எவ்வளவு கெட்ட பழக்கம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா முற்றத்தில் ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் கயிற்றைச் சுற்றிக் கட்டி, காலை வாளிக்குள் விட்டிருந்தார். டிசம்பர் குளிர். கண்ணை மூடிக்கொண்டு, குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டுப் பழைய கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீர் சிவந்திருந்தது. அவருக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை.

நான் கத்திவிட்டேன். கையிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தேன். உங்களுக்குப் பைத்தியமா, இருக்கிறவர்களையும் சாகடிக்கப் போகிறீர்களா என்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, தன் பழைய புடவையைக் கிழித்து அவர் காலைக் கட்டினாள். அவர் என்னைப் பார்த்தார்.

"நான் ஜெயிச்சேன்ல, கோதை" என்றார். "அவன்கிட்டப் பேசிப் பேசி ஜெயிச்சேன்ல."

அப்பாவை ஒரு மகள் எப்படிச் சமாதானம் செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா மட்டும் முடிச்சுப் போடுவதை நிறுத்திவிட்டு, அவர் மடியில் கிடந்த பல்லுக் கத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் ஆறிற்று. கயிறு நிற்கவில்லை. ஆனால் இத்தனை மாதம் நைலானை அறுத்ததில் பல்லுக் கத்தியும் மழுங்கத் தொடங்கியிருந்தது. அப்பாவுக்கு அது பெரிய கவலை ஆகிவிட்டது. அவன் கையில் இருந்திருந்தால் எப்படி அறுத்திருக்குமோ அப்படி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குச் சரியாக வராது என்றார். பாலிகா பஜாரில் அந்தக் கடைக்குப் போய்க் கேட்டார். அந்த மாதிரிக் கத்தி இப்போது வருவதில்லை என்றார்கள். சதர் பஜாரில் சாணை பிடிக்கிற கடை கடையாக ஏறி இறங்கினார். பல்லுக்குப் பல் தீட்ட எங்களிடம் கருவி இல்லை என்று எல்லாரும் கையை விரித்தார்கள். அடுத்த வாரம் மீரட்டுக்குப் போகப்போகிறேன், அங்கே கத்தரிக்கோல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும் என்றார். சேகரிடம் அன்றைக்குத் தான் கேட்ட கேள்விக்கு, அவனுக்குப் பதிலாகத் தானே பதில் தேடி அலைந்துகொண்டிருந்தார்.

அந்த வாரம் ஒரு நாள் நான் ஆபீஸ் விட்டு வந்தபோது வீடு ஒரு மாதிரியாக இருந்தது. அப்பா எனக்கு முன்னாலேயே வந்து, முற்றத்தில் நின்றிருந்தார். கையில் பல்லுக் கத்தி. அதில் பல் இல்லை. ஒரு பல் கூட இல்லை. கறுப்புப் பிடியில் வழவழவென்று ஒரு வெறும் அலகு, புதுத் தகரம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டார்.

சைக்கிளில் சக்கரம் வைத்துக்கொண்டு சாணைக்காரன் தெருவில் போனான், நீங்கள் மீரட் வரைக்கும் அலைய வேண்டாமே என்று கூப்பிட்டுக் கொடுத்தேன் என்றாள் அம்மா. பல்லை நல்லா எடுத்துக் கொடு என்றுதான் சொன்னாளாம்.

"என்னன்னு சொன்ன?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "தாந்த் நிகாலோன்னேன்."

அப்பா அந்தக் கத்தியால் என்ன செய்வாரோ, அவளைத்தான் என்ன செய்வாரோ என்று பயந்து நடுவில் போய் நின்றேன். அப்பா அவளையே பார்த்தார். அவர் வாய் கோணிற்று. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். ஜூலைக்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார்.

"அன்னிக்கி அவன் பல்லு. இன்னிக்கி அவன் கத்தியோட பல்லு" என்றார். "சேகரு அப்பவே சொன்னான் பாரு, சாந்தா. சேகரு சொன்னான் பாரு."

அவன் பெயர் வெளியே வந்த உடனே சிரிப்பு அழுகையாகிவிட்டது. எங்கள் அப்பா அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. கொள்ளி வைத்த அன்று கூட அவர் அழவில்லை. அம்மா அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சேகரு, சேகரு என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அவரே அந்தப் பல் டாக்டர் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார், எங்களுக்குத் தெரியாத கதை மாதிரி. அவன் வாயைப் பொத்திக்கொண்டு வந்ததைச் செய்து காட்டினார். அன்றைக்கு ராத்திரி ரசம் ஊற்றி இரண்டு தரம் சாதம் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் அவர் கயிறு வாங்கிவரவில்லை. இரண்டு கத்தியும் இப்போது ஒன்றுபோல. எதை எதோடு வைத்துப் பார்ப்பது? ஜன்னல் கம்பியில் இருந்த முடிச்சை அம்மா அவிழ்த்தாள். வாளி குளியலறைக்குத் திரும்பிற்று. அவருக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சாகிறவரைக்கும் மழை பெய்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். ஆனால் அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்றத்து வெயிலில் உட்கார்ந்து, சேகரின் கத்தியைக் கல்லில் தீட்டி, ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கினார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். தின்றேன்.

அன்றைக்கு நான் அடுப்படிக்குப் போய், அம்மாவைக் கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்று வம்புக்கு இழுத்தேன். இத்தனை வருஷம் டில்லியில் இருந்து ஒரே வார்த்தையில் இரண்டு தரம் விழுந்தவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்றேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்தச் சாணைக்காரன் கேட்டான்டி" என்றாள். "சக்கரத்துல வைக்கறதுக்கு முந்தி, சாரே தாந்த்தான்னு என்கிட்ட ரெண்டு தரம் கேட்டான். எல்லாப் பல்லுமேதான்னேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு தடவ எம் புள்ள பல்லப் புடுங்கக் குடுத்தவ நான். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு மறக்குமா?" அவள் கை கீரையில் நின்றுவிட்டது. "அவன் ஆசையா வாங்கின சாமான். சக்கரத்துல வச்சு அந்தாளு தேய்க்கத் தேய்க்க எனக்குப் பல்லெல்லாம் கூசிச்சு. வாயப் பொத்திக்கிட்டு நின்னேன்."

முற்றத்திலிருந்து அப்பா, சாந்தா, ஒரு தட்டு நிகாலோ என்று கூப்பிட்டார். கேலி செய்கிறாராம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அவருகிட்டச் சொல்லிடாத" என்றாள். "எனக்கு இந்தி தெரியாதுன்னே இருந்துட்டுப் போவட்டும்."